கூண்டுக்குள் என்ன நடக்கிறது? எம்.எம்.ஏ. பற்றி முதல் தடவை அறிய வருவோருக்கு

எம்.எம்.ஏ. என்ற பெயர் யாழ்ப்பாணத்தில் இப்போது பலருக்குத் தெரியும். கைத்தொலைபேசியில் அரை நிமிட வீடியோவாக அது எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டது. ஒருவர் உதைக்கிறார், மற்றவர் சரிகிறார், மேலே ஏறி நாலு குத்து, நடுவர் பாய்ந்து வந்து தடுக்கிறார், முடிந்தது. அந்த அரை நிமிடத்தை வைத்துத்தான் பெரும்பாலும் இந்த விளையாட்டைப் பற்றிக் கதைக்கிறோம். "எல்லாம் ரெஸ்லிங் தானே, நடிப்பு" என்கிறார் ஒருவர். "சட்டமே இல்லாத சண்டை, ஆள் செத்தாலும் கேட்க மாட்டார்கள்" என்கிறார் இன்னொருவர். கராத்தே வகுப்புக்குப் போகும் பிள்ளை "நான் எம்.எம்.ஏ. பழகப் போகிறேன்" என்று வீட்டில் சொன்னால், அது ரவுடித்தனத்துக்கு முதல் படி என்று அங்கேயே முடிவாகிவிடுகிறது.

மூன்றுமே பிழையான எண்ணங்கள். ஏன் பிழை என்று விளங்க வேண்டுமானால் அந்தப் போட்டி எப்படி இயங்குகிறது என்று கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். எந்தத் தற்காப்புக் கலையும் பழகாதவரை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பழகியவர்களுக்கான நுணுக்கங்களை விட்டுவிடுகிறேன்.

பெயர்களை முதலில் பிரித்து வைப்போம்

எம்.எம்.ஏ. என்பது விளையாட்டின் பெயர். கலப்புத் தற்காப்புக் கலை என்று தமிழில் எழுதுகிறார்கள். குத்து, உதை, முழங்கை அடி, முழங்கால் அடி, மல்யுத்தப் பிடி, தரையில் போடும் பூட்டு எல்லாவற்றையும் ஒரே போட்டிக்குள் அனுமதிக்கும் விளையாட்டு அது. யூ.எஃப்.சி. என்பது அந்தப் போட்டிகளை நடத்தும் ஒரு அமெரிக்க நிறுவனம். உலகில் இதுதான் மிகப் பெரியது என்பதால் பலர் நிறுவனத்தின் பெயரையே விளையாட்டின் பெயராகச் சொல்லிவிடுகிறார்கள். சிங்கப்பூரில் இருந்து இயங்கும் ஒன் சாம்பியன்ஷிப் உட்பட வேறு நிறுவனங்களும் உண்டு.

ரி.வி.யில் பார்த்து வளர்ந்த ரெஸ்லிங், அதாவது டபிள்யூ.டபிள்யூ.ஈ., வேறு விடயம். அங்கே யார் வெல்வது என்று முன்கூட்டியே முடிவாகிவிடும். விழுவதும் எழுவதும் கடினமான உடல் வித்தைதான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது போட்டி அல்ல, நிகழ்ச்சி. எம்.எம்.ஏ.யில் முடிவு யாருக்கும் தெரியாது. குழப்பத்துக்கு நியாயமான காரணங்களும் இருக்கின்றன. 2023 செப்டம்பரில் இருந்து யூ.எஃப்.சி.யும் டபிள்யூ.டபிள்யூ.ஈ.யும் டி.கே.ஓ. என்ற ஒரே தாய் நிறுவனத்தின் கீழ் இருக்கின்றன. எங்கள் பெடியன்கள் எல்லோருக்கும் தெரிந்த புரொக் லெஸ்னர் இரண்டிலும் ஆடியவர். 2000 ஆம் ஆண்டு அமெரிக்கப் பல்கலைக்கழக மல்யுத்தத்தில் அதிபார எடைப் பிரிவின் சாம்பியனாக இருந்த அவர், 2008 நவம்பரில் ரண்டி கூட்டரை வென்று யூ.எஃப்.சி. பட்டத்தையும் எடுத்தார். அந்தப் பட்டத்தை அவருக்குக் கொடுத்தது ரி.வி. நிகழ்ச்சியில் கிடைத்த புகழ் அல்ல, சிறு வயதில் இருந்து பழகிய உண்மையான மல்யுத்தம்.

கபடி பார்த்தவருக்குப் பாதி விளங்கும்

எங்கள் ஊர்க் கபடியை நினைத்துப் பாருங்கள். பாடிப் போகிறவர் எதிர்ப்பக்கத்தில் நிற்கும்போது அது முழுக்கத் தூரத்தின் விளையாட்டு. கை நீட்டினால் எட்டுமா, கால் வீசினால் படுமா, எதிரி எத்தனை அடி தள்ளி நிற்கிறார் என்பதுதான் கணக்கு. யாராவது அவர் கணுக்காலைப் பிடித்துவிட்டால் அந்தக் கணத்திலேயே அது வேறு விளையாட்டாகிவிடுகிறது. இப்போது வேகத்தால் பயன் இல்லை. இடுப்பைத் தாழ்த்துவது, பாரத்தைப் பின்னுக்குப் போடுவது, பிடியை உதறுவது என்று வேறு திறமைகள் வேண்டும். கீழே விழுந்து கோட்டைத் தொடத் தவழும்போது அது மூன்றாவது விளையாட்டு. நல்ல ஆட்டக்காரர் இந்த மூன்றையும் தெரிந்தவர். அதைவிட முக்கியமாக, எப்போது ஒன்றில் இருந்து மற்றதுக்கு மாறும் என்று முன்கூட்டியே உணர்ந்தவர்.

எம்.எம்.ஏ.யின் அடிப்படையும் இதுவேதான். நின்று அடிக்கும் தூரம், கட்டிப் பிடிக்கும் தூரம், தரை. போட்டியாளர்கள் இருவரும் இந்த மூன்றுக்கும் இடையில் ஒருவரை ஒருவர் இழுக்கிறார்கள். யார் தனக்குப் பிடித்த இடத்துக்கு ஆட்டத்தைக் கொண்டு போகிறார் என்பதில்தான் முக்கால்வாசி வெற்றி.

மூன்று தூரங்கள்

நின்று அடிக்கும் தூரத்தில் குத்துச்சண்டையும் தாய்லாந்தின் முவே தாயும் கராத்தேயும் வேலை செய்கின்றன. ஆனால் அந்தக் கலைகளில் நிற்பது போல இங்கே நிற்க முடியாது. குத்துச்சண்டைக்காரர் முன்னங்காலில் பாரம் வைத்து ஒருக்களித்து நிற்பார். இங்கே அப்படி நின்றால் அந்தக் காலின் தொடையிலும் கெண்டைக்காலிலும் உதை விழும், அல்லது அந்தக் காலையே எதிரி தூக்கிக்கொண்டு போவார். அதனால்தான் எம்.எம்.ஏ. வீரர்களின் நிலை சற்று அகலமாகவும், நெஞ்சு எதிரியைச் சற்று நேராகப் பார்த்தபடியும் இருக்கும்.

இருவரும் நெஞ்சோடு நெஞ்சாக ஒட்டிப் பிடிக்கும் நிலைக்குக் கிளிஞ்ச் என்று பெயர். பார்ப்பவருக்கு இது ஓய்வெடுப்பதாகத் தெரியும். உண்மையில் இதுதான் அதிகம் களைக்க வைக்கும் இடம். அக்குளுக்குக் கீழே யார் கை போவது, யார் தலை யாருடைய தாடைக்குக் கீழே போவது என்பதற்கே ஓயாத போராட்டம் நடக்கும். போட்டி வலைக் கூண்டுக்குள் நடப்பதால் அந்தக் கூண்டின் சுவரும் இங்கே ஒரு கருவி. எதிரியைச் சுவரில் சாய்த்து வைத்தால் அவர் பின்னுக்குப் போக முடியாது.

எதிரியைத் தரையில் வீழ்த்துவதற்கு டேக்டவுன் என்று பெயர். இரண்டு கால்களையும் அணைத்துத் தூக்குவது, ஒற்றைக் காலைப் பிடித்துத் திருகுவது, ஜூடோவில் வருகிற இடுப்பு எறி என்று பல வழிகள் உண்டு. அதைத் தடுக்கும் முக்கியமான அசைவு ஸ்ப்ரோல். எதிரி காலைப் பிடிக்கப் பாயும்போது இரண்டு கால்களையும் பின்னுக்கு எறிந்து, இடுப்புப் பாரத்தை அவர் முதுகில் போட்டு அமுக்குவது. அரங்கில் கைதட்டு வாங்காத அசைவு இது. ஆனாலும் நின்று அடிக்கும் திறமை மட்டும் உள்ள ஒருவரை இந்த விளையாட்டில் உயிரோடு வைத்திருப்பது ஸ்ப்ரோல்தான்.

இதுவரை சொன்னதைத் திரட்டினால்: மூன்று தூரங்கள், ஒவ்வொன்றிலும் வேறு திறமை, அவற்றுக்கு நடுவே டேக்டவுனும் அதன் தடுப்பும். சரி, தரைக்குப் போவோம். புதிதாகப் பார்ப்பவருக்கு மிகக் குறைவாக விளங்குவதும் எனக்கு மிகவும் பிடித்ததும் இந்தப் பகுதிதான்.

தரையில் நடப்பது

இருவர் கீழே கிடந்து உருளும்போது "என்ன, கட்டிப் பிடித்துக்கொண்டு கிடக்கிறார்கள்" என்று கேட்காதவர் குறைவு. அங்கே நடப்பது இடத்துக்கான போட்டி. எந்த நிலையில் யார் இருக்கிறார் என்பதற்குத் தெளிவான படிநிலை உண்டு.

எதிரியின் வயிற்றின் மேல் இரண்டு பக்கமும் முழங்கால் ஊன்றி உட்கார்ந்துவிட்டால் அது மவுண்ட். மேலே இருப்பவர் முழுப் பாரத்தோடு குத்தலாம். கீழே கிடப்பவரின் குத்துக்கு வலு இருக்காது, ஏனென்றால் குத்தின் பலம் காலில் இருந்தும் இடுப்பில் இருந்தும் வருகிறது, இரண்டுமே தரையோடு ஒட்டிக் கிடக்கின்றன. எதிரியின் முதுகைப் பிடித்து, கால்களை அவர் இடுப்பைச் சுற்றிப் போட்டுவிட்டால் அது அதைவிட மோசமான நிலை, பிடிபட்டவருக்கு. தன்னைத் தாக்குகிறவரை அவரால் பார்க்கக்கூட முடியாது.

ஆனால் கீழே கிடப்பது எப்போதும் தோல்வி அல்ல. மல்லாந்து கிடந்தபடி எதிரியின் இடுப்பைத் தன் கால்களுக்கு இடையில் வைத்திருந்தால் அந்த நிலைக்குக் கார்ட் என்று பெயர். அங்கே கால்கள் இரண்டும் இன்னும் இரண்டு கைகளாக வேலை செய்யும். எதிரியைத் தள்ளலாம், இழுக்கலாம், கவிழ்க்கலாம், பூட்டும் போடலாம். தரையில் பிடிகளும் பூட்டுகளும் போடும் கலையான பிரேசிலின் ஜியு ஜிட்சு உலகத்துக்குக் காட்டிய பெரிய விடயம் இந்தக் கார்ட்தான்.

பூட்டுப் போட்டு எதிரியை விட்டுக்கொடுக்க வைப்பது சப்மிஷன். இரண்டே வகையைத் தெரிந்தால் பெரும்பாலானவை விளங்கிவிடும். ஒன்று மூட்டுக்கானது. கையை நீட்டிப் பிடித்து, முழங்கையின் பின்பக்கத்தைத் தன் இடுப்பில் வைத்து, இடுப்பை மேலே தூக்கினால் அந்த மூட்டு மடங்காத பக்கத்துக்கு வளையத் தொடங்கும். நெம்புகோல் விதிதான். ஒரு முழு உடலின் பலம் ஒரு மூட்டின் மேல் விழுகிறது.

மற்றது கழுத்துக்கானது. மூச்சை அடைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். சரியாகப் போட்ட பெரும்பாலான பிடிகளின் இலக்கு மூச்சுக்குழாய் அல்ல. பின்னால் இருந்து போடும் பிடியில் எதிரியின் தொண்டை முழங்கையின் மடிப்புக்குள் இருக்கும். மேற்கையும் முன்கையும் கழுத்தின் இரு பக்கமும் ஓடுகிற, மூளைக்கு இரத்தம் கொண்டு போகும் குழாய்களை அமுக்கும். மூளைக்குப் போகும் இரத்தம் குறைந்தால் பத்து விநாடி அளவில் நினைவு தப்பும். உடனே பிடியை விட்டால் பெரும்பாலும் சில விநாடிகளில் நினைவு திரும்பிவிடும். விடாமல் வைத்திருந்தால் உயிராபத்து. அதனால்தான் பயிற்றுநர் பக்கத்தில் இல்லாமல் இதை ஒருவரும் நண்பர்களோடு செய்து பார்க்கவே கூடாது.

அந்த நிலைக்குப் போகாமல் போட்டியை முடிக்க ஒரு வழி இருக்கிறது. பிடியில் சிக்கியவர் எதிரியின் உடலையோ தரையையோ கையால் தட்டினால் போதும். நடுவர் உடனே நிறுத்துவார். கை இரண்டும் சிக்கியிருந்தால் வாயால் சொல்லலாம். நான் இந்த விளையாட்டை மதிப்பதற்கு முதல் காரணம் இந்தத் தட்டுதல்தான். பயிற்சிக் கூடத்தில் ஒரு மாணவர் வாரம் முழுக்கத் தட்டிக்கொண்டே இருப்பார். தட்டியவரை யாரும் கேலி செய்வதில்லை. தட்டிய கணத்தில் விடாதவரைத்தான் கூடத்தில் இருந்து அனுப்புவார்கள்.

"கலப்பு" எங்கே இருக்கிறது

கராத்தே கொஞ்சம், மல்யுத்தம் கொஞ்சம் என்று தனித்தனியாகப் பழகினால் எம்.எம்.ஏ. ஆகிவிடும் என்பது பொதுவான எண்ணம். வரலாற்றைப் பார்த்தால் அது எப்படி வளர்ந்தது என்று தெரியும்.

முதல் யூ.எஃப்.சி. போட்டி 1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்தது. எட்டுப் பேர், ஒரே இரவு. எந்தக் கலை சிறந்தது என்று பார்ப்பதுதான் நோக்கம். வென்றவர் அங்கே இருந்தவர்களில் மெல்லியவர்களுள் ஒருவர், கிட்டத்தட்ட 80 கிலோ எடையுள்ள, ஜியு ஜிட்சு பழகிய பிரேசில்காரர் ரொய்ஸ் கிரேசி. முதல் சண்டையில் அவருக்கு எதிரே நின்ற ஆர்ட் ஜிமர்சன் தொழில்முறைக் குத்துச்சண்டை வீரர். ஒரு கையில் மட்டும் குத்துச்சண்டைக் கையுறை போட்டுக்கொண்டு வந்தார். கிரேசி அவரைக் கீழே தள்ளி மேலே ஏறி அமர்ந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் அவர் தட்டிவிட்டார். அவருடைய குத்தில் குறை ஒன்றும் இல்லை. குத்து வேலை செய்யாத இடத்துக்கு ஆட்டம் போய்விட்டது. அவ்வளவுதான்.

ஆனால் கிரேசியின் ரகசியம் நீண்ட நாள் ரகசியமாக இருக்கவில்லை. மல்யுத்த வீரர்கள் வந்து தரையில் மேலே இருந்தபடி பூட்டுகளைத் தவிர்க்கப் பழகினார்கள். நின்று அடிப்பவர்கள் ஸ்ப்ரோலைப் பழகி, தரைக்கே போகாமல் அடித்தார்கள். இன்றைக்கு ஒரே ஒரு கலையோடு மட்டும் வருகிறவர் மேல்மட்டத்தில் நிற்க முடியாது.

இப்போது எல்லோரும் எல்லாவற்றையும் பழகுவதால் வித்தியாசம் இணைப்புகளில் வந்து நிற்கிறது. ஒரு வீரர் காலைப் பிடிக்கப் போவதாக இடுப்பைத் தாழ்த்துகிறார். எதிரி தடுக்கக் கைகளைக் கீழே இறக்குகிறார். அந்தக் கணத்தில் முகத்துக்குக் குத்து வருகிறது. அடுத்த தடவை எதிரி கையை இறக்கவில்லை, உண்மையாகவே கால் பிடிபடுகிறது. டேக்டவுன் குத்தை உருவாக்குகிறது, குத்து டேக்டவுனை உருவாக்குகிறது. இரண்டையும் வேறு வேறு நாளில், வேறு வேறு மாஸ்டரிடம் பழகியவருக்கு இந்த இணைப்பு வராது. அதைத் தனியாகப் பழக வேண்டும்.

ரஷ்யாவின் தாகெஸ்தானில் இருந்து வந்த கபீப் நூர்மகமெதோவ் இதற்கு நல்ல உதாரணம். அவர் என்ன செய்யப் போகிறார் என்று எல்லா எதிரிகளுக்கும் தெரியும். கூண்டின் சுவருக்குத் தள்ளுவார், காலைப் பிடிப்பார், கீழே போட்டு, எதிரியின் கால்களைத் தன் கால்களால் கட்டி, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் சிறைப்பிடித்து அடிப்பார். தெரிந்தும் தடுக்க முடியவில்லை. 29 போட்டிகள் ஆடி ஒன்றிலும் தோற்காமல் 2020 அக்டோபரில் ஓய்வு பெற்றார்.

விதிகள் வந்த கதை

"சட்டமே இல்லாத சண்டை" என்ற பேச்சு வானத்தில் இருந்து விழவில்லை. தொடக்கத்தில் நிறுவனமே அப்படித்தான் விளம்பரம் செய்தது. 1993 இல் கடிப்பதும் கண்ணைத் தோண்டுவதும் தவிர ஏறக்குறைய எல்லாம் அனுமதி. எடைப் பிரிவும் இல்லை, புள்ளி போடும் நடுவர்களும் இல்லை. 1996 இல் அமெரிக்க செனட்டர் ஜோன் மெக்கெயின் இதை மனிதர்களின் சேவல் சண்டை என்று கண்டித்து, தடை செய்யும்படி 50 மாநில ஆளுநர்களுக்கும் கடிதம் எழுதினார். கேபிள் நிறுவனங்கள் ஒளிபரப்பைக் கைவிட்டன. விளையாட்டு செத்துவிடும் நிலை வந்தது.

அதைக் காப்பாற்றியது விதிதான். 2000 ஆம் ஆண்டு நியூ ஜெர்சி மாநிலத்தின் விளையாட்டுக் கட்டுப்பாட்டுச் சபை பொதுவான விதித்தொகுப்பு ஒன்றின் கீழ் போட்டிகளை அனுமதித்தது. அடுத்த ஆண்டு நெவாடாவும் ஏற்றது. இன்று பெரும்பாலான இடங்களில் நடப்பது அதன் வளர்ந்த வடிவம். சுற்று ஒன்று 5 நிமிடம், இடையில் 1 நிமிட ஓய்வு. சாதாரணப் போட்டிக்கு 3 சுற்று, பட்டத்துக்கான போட்டிக்கு 5. தலையால் முட்டுதல், கண்ணில் விரல் விடுதல், கடித்தல், இடுப்புக்குக் கீழே அடித்தல், தலையின் பின்பக்கத்திலும் முதுகெலும்பிலும் அடித்தல், தனி விரலைப் பிடித்து முறித்தல், கீழே விழுந்தவரின் தலையில் உதைத்தல், கூண்டின் வலையைப் பிடித்துத் தொங்குதல் எல்லாம் தவறு. புள்ளி குறைக்கப்படும், போட்டியில் இருந்தே நீக்கவும் படலாம்.

அரை நிமிட வீடியோவில் பாய்ந்து வருகிற நடுவரைச் சொன்னேன் அல்லவா. அடி வாங்குபவர் அறிவோடு தன்னைக் காத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்த கணத்தில் நிறுத்துவது அவர் வேலை. முழு நினைவு தப்பும் வரை காத்திருக்கத் தேவையில்லை. வெட்டுக்காயம் கண்ணுக்கு ஆபத்து என்று வைத்தியர் நினைத்தால் அவர் சொல்லியும் போட்டி நிற்கும்.

ஆட்டம் முழு நேரமும் ஓடினால் மூன்று நடுவர்கள் புள்ளி போடுவார்கள். சுற்றை வென்றவருக்கு 10, தோற்றவருக்குப் பெரும்பாலும் 9, மிக மோசமாக அடிபட்டிருந்தால் 8. எத்தனை அடி விழுந்தது என்பதைவிட எந்த அடி எதிரியைப் பாதித்தது என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். கீழே போட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் படுத்திருந்தால் அதற்குப் பெரிய மதிப்பு இல்லை.

சுருக்கம்: விதி வந்ததால்தான் மாநிலங்கள் அனுமதி கொடுத்தன, அனுமதி வந்ததால்தான் காப்புறுதியும் வைத்தியரும் ஒளிபரப்பும் வந்தன. விதியே இல்லாமல் நடந்த காலத்தில் இது கிட்டத்தட்ட அழிந்து போனது. மெக்கெயினே பிற்காலத்தில் விளையாட்டு திருந்திவிட்டது என்று ஒத்துக்கொண்டார்.

எடை

ஆண்களுக்கு யூ.எஃப்.சி.யில் எட்டு எடைப் பிரிவுகள். மிகச் சிறியது 56.7 கிலோ, பெரியது 120.2 கிலோ வரை. பெண்களுக்கு 52.2 கிலோவில் தொடங்குகிறது. எங்கள் ஊர் உடல்வாகுக்கு இடம் இல்லை என்று நினைக்க வேண்டாம். உலகின் மிக வேகமான ஆட்டங்கள் 56 கிலோவுக்கும் 66 கிலோவுக்கும் இடையில்தான் நடக்கின்றன.

இதற்குள் ஒரு கெட்ட பழக்கமும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. போட்டிக்கு முந்திய நாள் எடை பார்ப்பார்கள். அதற்காகக் கடைசி நாட்களில் தண்ணீர் குடிக்காமல், வியர்த்து வியர்த்துப் பல கிலோ இறக்கிவிட்டு, எடை பார்த்த பிறகு திரும்ப ஏற்றுவார்கள். உடலில் நீர் வற்றும்போது சிறுநீரகமும் இதயமும் பாதிக்கப்படும். 2015 டிசம்பரில் ஒன் சாம்பியன்ஷிப்பில் ஆட இருந்த சீன வீரர் ஒருவர் இப்படி எடை இறக்கும்போது இறந்தார். அதற்குப் பிறகு அந்த நிறுவனம் நீர் இழந்து எடை இறக்குவதைத் தடை செய்து, சிறுநீரைச் சோதித்து உடலில் நீர் போதுமா என்று பார்க்கும் முறையைக் கொண்டு வந்தது. மற்ற இடங்களில் பழைய பழக்கம் இன்னும் உண்டு. சித்திரை வெயிலில் பொலித்தீன் சுற்றிக்கொண்டு ஓடச் சொல்கிற மாஸ்டர் இருந்தால், எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அவரை விட்டு விலகுங்கள்.

காயம் பற்றி நேராக

ஆபத்து இல்லை என்று சொன்னால் அது பொய். கனடாவின் அல்பேர்ட்டாப் பல்கலைக்கழக வைத்தியர்கள் எட்மன்டன் பகுதியில் பத்து ஆண்டுகள் போட்டி முடிந்தவுடன் செய்த பரிசோதனைகளைத் தொகுத்து 2016 அளவில் வெளியிட்டார்கள். எம்.எம்.ஏ. வீரர்களில் ஏறக்குறைய 59 வீதத்தினருக்கு ஏதாவது காயம். குத்துச்சண்டை வீரர்களில் 50 வீதம். ஆனால் நினைவு தப்பியவர்கள் எம்.எம்.ஏ.யில் 4 வீதம், குத்துச்சண்டையில் 7 வீதம்.

காயம் அதிகம், நினைவு தப்புவது குறைவு. இது ஏன் என்று யோசித்தால் மேலே சொன்ன முழுவதும் உதவுகிறது. எம்.எம்.ஏ. கையுறை 4 அவுன்ஸ், அதாவது 113 கிராம் அளவு. விரல் திறந்திருக்கும், பிடி போடத் தேவை. மெல்லிய கையுறையால் முகம் இலகுவில் கிழியும், இரத்தம் நிறைய வரும். பார்ப்பதற்குப் பயங்கரமாக இருக்கும், ஆனால் அது தையலோடு முடியும். குத்துச்சண்டையில் தடித்த கையுறையோடு 12 சுற்று வரை தலையும் உடலும் மட்டுமே இலக்கு. விழுந்தவர் பத்து எண்ணுவதற்குள் எழுந்தால் திரும்பவும் அடி. எம்.எம்.ஏ.யில் அந்த எண்ணிக்கை இல்லை, தன்னைக் காக்க முடியாவிட்டால் ஆட்டம் முடிந்தது. போட்டியின் ஒரு பகுதி பிடியிலும் தரையிலும் போவதால் தலைக்கு விழும் அடியும் பங்கு போடப்படுகிறது.

ஆனாலும் மூளைக்கு விழும் அதிர்ச்சி சேர்ந்துகொண்டே போகும் என்பது உண்மை. பயிற்சிக் கூடத்தில் வாராவாரம் முழுப் பலத்தோடு தலையில் அடித்துக்கொள்வது போட்டியைவிட ஆபத்தானது. ஒழுங்கான அமைப்புகள் நொக்அவுட் ஆனவரை வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் அடிபடும் பயிற்சிக்கே விடுவதில்லை. போட்டிக்கு முதல் இரத்தப் பரிசோதனையும் எடுப்பார்கள்.

தொழிலாக

2001 இல் யூ.எஃப்.சி. 20 லட்சம் டொலருக்குக் கைமாறியது. 2016 இல் அதே நிறுவனம் ஏறக்குறைய 400 கோடி டொலருக்கு விற்கப்பட்டது. இடையில் நடந்தது விதி, ரி.வி., பெண்கள் பிரிவு. 2008 ஒலிம்பிக்கில் ஜூடோ வெண்கலம் வென்ற ரொண்டா ரவுசி 2013 பெப்ரவரியில் யூ.எஃப்.சி.யின் முதல் பெண்கள் போட்டியில் ஆடினார். அதற்குப் பிறகு பெண்கள் ஆட்டமே பல நிகழ்ச்சிகளின் தலைமை ஆட்டமாகிவிட்டது.

எங்கள் சொந்தக்காரர் இருக்கும் நகரங்களிலேயே இந்த வளர்ச்சியைப் பார்க்கலாம். ஒன்ராறியோ மாகாணத்தில் தொழில்முறை எம்.எம்.ஏ.க்கு அனுமதி இல்லாமல் இருந்தது. அனுமதி வந்ததும் 2011 ஏப்ரல் 30 அன்று ரொறன்ரோவில் நடந்த போட்டிக்கு 55,000 பேர் வந்தார்கள். தலைமை ஆட்டத்தில் கியூபெக்கைச் சேர்ந்த ஜோர்ஜ் சென்ட் பியர். பிரான்ஸ் 2020 வரை இந்தப் போட்டிகளை அனுமதிக்கவில்லை. 2022 செப்டம்பரில் யூ.எஃப்.சி. போட்டிக்குப் பரிஸ் அரங்கம் நிறைந்தது.

பக்கத்து இந்தியாவில் இருந்து அன்ஷுல் ஜுப்லி 2023 இல் யூ.எஃப்.சி. ஒப்பந்தம் பெறும் ஆசியச் சுற்றை வென்றார். 2024 ஜூனில் பூஜா தோமர் யூ.எஃப்.சி.யில் வென்ற முதல் இந்தியர் ஆனார். அவர் வூஷு என்ற சீனத் தற்காப்புக் கலை பழகி வந்தவர். ஜப்பானில் 2026 ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டு விழாவிலும் எம்.எம்.ஏ. பதக்க விளையாட்டாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேலே இருக்கும் சிலர் கோடிக்கணக்கில் உழைக்கிறார்கள். கீழே இருப்பவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. போட்டி நடந்தால் ஒரு தொகை, வென்றால் இன்னொரு தொகை, காயப்பட்டு ஆடாவிட்டால் ஒன்றும் இல்லை. ஊதியத்தை அடக்கி வைத்தார்கள் என்று வீரர்கள் போட்ட வழக்கில் யூ.எஃப்.சி. 2024 இல் 37 கோடியே 50 லட்சம் டொலர் கொடுக்க ஒத்துக்கொண்டது. படிப்பை விட்டுவிட்டு இதில் இறங்கப் போகிறேன் என்கிற பிள்ளைக்கு இந்தக் கணக்கைத்தான் நான் காட்டுவேன்.

இங்கிருந்து தொடங்குவதென்றால்

எம்.எம்.ஏ. என்று பெரிதாகப் பலகை போட்ட இடத்தைத் தேடித்தான் போக வேண்டும் என்றில்லை. ஜூடோ, மல்யுத்தம், குத்துச்சண்டை, வூஷு, கராத்தே, எது கிட்டே இருக்கிறதோ அதில் ஒன்றை இரண்டு மூன்று வருடம் உருப்படியாகப் பழகுவதுதான் நல்ல தொடக்கம். என் அபிப்பிராயத்தில் தெரிவு இருந்தால் பிடி உள்ள கலையில் தொடங்குவது நல்லது. அடியைப் பிறகு சேர்க்கலாம், ஆனால் சிறு வயதில் இருந்து பழகிய சமநிலையும் பிடியுணர்வும் பிந்திப் பழகியவருக்கு வருவது கடினம். கபடி ஆடுகிற பிள்ளைக்குக் கால் பிடிக்கும் உணர்வு ஏற்கெனவே பாதி இருக்கிறது. சிலம்பம் பழகியவருக்குக் காலடியும் தூரக் கணக்கும் இருக்கிறது.

இடத்தைப் பார்க்கும்போது கோப்பைகளையும் படங்களையும் பார்க்க வேண்டாம். நிலத்தில் சரியான மெத்தை இருக்கிறதா என்று பாருங்கள். சீமெந்து நிலத்தில் எறி பழக்கினால் அடுத்த கேள்வியே வேண்டாம். பல்லுக்குக் காப்பு இல்லாமல் ஆடவிடுகிறார்களா? புதியவரை முதல் மாதமே பழையவரோடு முழுப் பலத்தில் மோதவிடுகிறார்களா? தலையில் அடிபட்டு மயங்கிய பிள்ளையை அன்றே திரும்ப ஆடவிடுகிறார்களா, வைத்தியரிடம் அனுப்புகிறார்களா? ஒரு மாலை நேரம் பேசாமல் ஓரமாக இருந்து பாருங்கள். யாராவது தட்டுவார்கள். தட்டிய உடனே மற்றவர் விடுகிறாரா, விடாவிட்டால் மாஸ்டர் என்ன செய்கிறார் என்பதைப் பார்த்தால் பிள்ளையை அங்கே சேர்ப்பதா இல்லையா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.